வடசென்னைத் தெருவோர உணவும் பாக்டீரியாக்களும்

வடசென்னையின் உழைப்பாளர்களுக்கு ஒரு நாளில் ஒரு வேளைச் சாப்பாடாவது தெருவோரத்தில்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. படகிலிருந்து இறங்கியவர், ஏலம் எடுத்தவர், கூடை சுமந்தவர் என அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் இட்லியும் டீயும் வேண்டும். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஓட்டுநர்கள் வண்டியை விட்டு வெகுதூரம் போக முடியாது. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகளில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களில் பலர் வெளிமாநிலத் தொழிலாளர்கள். அவர்கள் தங்கும் அறைகளில் சமையலுக்கு இடமிருப்பதில்லை. இவர்கள் எல்லோருக்கும் சோறு போடுவது தள்ளுவண்டிக் கடையும் கையேந்தி பவனும்தான். உலகம் முழுவதும் நாள்தோறும் சுமார் 250 கோடிப் பேர் தெருவோர உணவை உண்பதாக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் இங்கே ஓர் உணவு உண்டு. காலையில் இட்லி, பூரி, ஆப்பம். வெயில் ஏறியதும் கேழ்வரகுக் கூழ், மோர், மாங்காய்த் துண்டு. மதியம் பீஃப் பிரியாணி, மீன் குழம்புச் சோறு. மாலையில் பஜ்ஜி, சுண்டல், பொரித்த மீன். இரவில் அத்தோ, ஃப்ரைடு ரைஸ், பரோட்டா. இவற்றில் எது உடலுக்குக் கேடு செய்யும், எது செய்யாது என்பதைத் தீர்மானிப்பவை நான்கு: நீர், நேரம், சூடு, கை. கடை தெருவில் இருப்பது மட்டுமே எந்த உணவையும் கெடுத்துவிடுவதில்லை. கண்ணாடிக் கதவு போட்ட உணவகத்தையும் இந்த நான்கும் இதே முறையில்தான் ஆள்கின்றன.

உணவில் நடப்பது என்ன

உணவு வழியாக பாக்டீரியா இரண்டு விதமாக நோய் தருகிறது. முதலாவது தொற்று. உயிருள்ள கிருமி வயிற்றுக்குள் போய்க் குடலில் பெருகுகிறது. காலரா, டைபாய்டு, சால்மோனெல்லா, ஷிகெல்லா ஆகியவை இவ்வகை. இரண்டாவது நஞ்சு. கிருமி உணவிலேயே பெருகி, நஞ்சைச் சுரந்து வைத்துவிடுகிறது. பிறகு கிருமி செத்தாலும் நஞ்சு தங்கிவிடும். இந்த வேறுபாடு தெரிந்தால்தான் “மறுபடி சூடுபண்ணிவிட்டால் போதும்” என்ற நம்பிக்கை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பது விளங்கும்.

நோய் தரத் தேவைப்படும் கிருமிகளின் எண்ணிக்கையும் மாறுபடுகிறது. ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமிகளே போதும். ஒரு விரல் நுனி அவ்வளவையும் சுமந்து வந்துவிடும். பெரும்பாலான மற்ற கிருமிகள் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் இருந்தால்தான் நோயாக முடியும். அந்த எண்ணிக்கையை எட்டுவதற்கு அவற்றுக்கு நேரம் வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் கிருமிகள் பெருகுகின்றன. மனித உடலின் 37 டிகிரியை ஒட்டிய சூட்டில் மிக வேகமாகப் பெருகுகின்றன. சென்னையின் கோடை நாளில் நிழலில் வைத்த பாத்திரத்தின் சூடும் அதுதான்.

சாதகமான சூழலில் பல பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. காலை 11 மணிக்கு ஒரு பாத்திரத்தில் 100 கிருமிகள் இருந்து, அவை இதே வேகத்தில் பெருகினால், மாலை 6 மணிக்கு அங்கே சுமார் 21 கோடி கிருமிகள் இருக்கும். நிறம் மாறியிருக்காது, வாசனையிலும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் அறைச் சூட்டில் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

நீர்: 1992 தந்த பாடம்

தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காலராவும் பேதியும் கண்டவர்களுக்குத் தலைமுறைகளாகச் சிகிச்சை அளித்துவரும் இடம் அது. காலரா வரலாற்றில் சென்னைக்குத் தனியாக ஓர் ஆண்டு உண்டு: 1992.

அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா எல்லாமே விப்ரியோ காலரே என்ற பாக்டீரியாவின் ‘ஓ1’ வகையால் வந்தது. 1961 இல் இந்தோனேசியாவில் தொடங்கி உலகெங்கும் பரவிய ஏழாவது பெருந்தொற்றும் அந்த வகைதான். 1992 அக்டோபரில் சென்னையில் காலரா அறிகுறிகளோடு வந்த நோயாளிகளிடம் கிடைத்த கிருமி ‘ஓ1’ சோதனைக்கு இணங்கவில்லை. அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதனோடும் அது பொருந்தவில்லை. சில வாரங்களில் கொல்கத்தாவிலும், ஆண்டு முடிவதற்குள் வங்கதேசத்திலும் அது காணப்பட்டது. 139 ஆவது வகையாகப் பதிவாகி, வங்கக் கடலோரம் முழுக்கப் பரவியதால் ‘ஓ139 பெங்கால்’ என்று பெயர் பெற்றது. பழைய வகைக்கு உடலில் ஏற்கெனவே இருந்த எதிர்ப்பாற்றல் புதியதைத் தடுக்காததால், சிறுவர்களைவிடப் பெரியவர்கள் அதிகம் தாக்கப்பட்டார்கள்.

கிருமி புதிது, ஆனால் அது பரவிய பாதை பழையது. மனிதக் கழிவு நீரில் கலக்கிறது, அந்த நீர் குடிக்கவும் கழுவவும் பயன்படுகிறது. வடசென்னையில் பல இடங்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் குறுகிய சந்துகளில் அருகருகே ஓடுகின்றன. குடிநீர் சில மணி நேரமே விடப்படுகிறது. நீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் இருக்கும் இடத்தில் வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மழைக்காலத்தில் தெருவில் நீர் நிற்கும்போது இந்த ஆபத்து பல மடங்காகிறது. குடிநீரின் 100 மில்லி மாதிரியில் ஈ. கோலை பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் அதன் பகுதி.

தெருவோரக் கடையில் இந்த நீர் போகும் இடங்களைப் பார்த்தால் ஆபத்து எங்கே என்று புலப்படும். குழம்பில் சேர்ந்த நீர் கொதித்துவிடுகிறது, அதில் அச்சமில்லை. கொதிக்காத நீர்தான் கவலை: சட்னி அரைத்த நீர், கூழ் கரைத்த நீர், மோரில் விளாவிய நீர், வெங்காயமும் கொத்தமல்லியும் அலசிய நீர், குடிக்க வைத்த குடத்து நீர். இவற்றிலும் மோசமானது தட்டு கழுவும் பக்கெட். கடை திறக்கும்போது தெளிந்திருக்கும் நீர், 30 தட்டு முங்கி எழுந்ததும் எண்ணெய்ப் படலம் கட்டி, சோற்றுப் பருக்கைகள் மிதக்கும் வெதுவெதுப்பான கரைசலாகிவிடுகிறது. ஒருவர் வாயிலிருந்தும் கையிலிருந்தும் வந்தது அடுத்தவர் தட்டுக்கு அந்த நீர் வழியாகவே போகிறது. தட்டின்மேல் பாலித்தீன் தாள் விரிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதற்கு மாற்றாக வந்த வாழையிலைத் துண்டு நல்லதுதான். ஆனால் அந்த இலையையும் இதே பக்கெட் நீரில் நனைத்துத் துடைத்தால் மாற்றத்தால் வந்த பயன் போய்விடும்.

ஆறிய சோறும் பெரிய தேக்சாவும்

அரிசியில் இயல்பாகவே இருக்கும் கிருமி பேசில்லஸ் சீரியஸ். இது வறட்சியையும் சூட்டையும் தாங்கும் உறைவித்து நிலைக்குப் போகக்கூடியது. சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வடித்த சோறு ஆறத் தொடங்கியதும் உறைவித்து முளைத்துப் பெருகி, வாந்தி தரும் நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு 121 டிகிரி வெப்பத்திலும் சிதையாது. மதியம் வடித்துத் துணி போட்டு மூடிய சோற்றை இரவு 9 மணிக்குக் கொழுந்துவிடும் நெருப்பில் வாணலியில் புரட்டினாலும் நஞ்சு அப்படியே இருக்கும். ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டு அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். மாலைக் கடைக்கு மாலையிலேயே சோறு வடிப்பதும், வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி விரைவாக ஆற்றுவதும் இதற்குத் தடுப்பு.

இறைச்சிக் குழம்பிலும் பிரியாணியிலும் வளர்வது க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜன்ஸ். இதுவும் உறைவித்து உண்டாக்கும் வகை. 43 முதல் 47 டிகிரி இதற்கு உகந்த சூடு. அப்போது 10 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இரட்டிக்கும். பெரிய தேக்சாவின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரமாகும். மேலே கை வைத்தால் ஆறியதுபோல் தோன்றும். அடியில், காற்றுப் புகாத இறைச்சித் துண்டுகளுக்கிடையே அதே 45 டிகிரி நீடிக்கும். பாத்திரத்தைத் தணலில் வைத்து 60 டிகிரிக்குக் குறையாமல் காப்பது ஒரு வழி. மிச்சத்தைச் சிறு பாத்திரங்களில் பிரித்து உடனே குளிரவைப்பது மற்றொரு வழி. மிஞ்சிய குழம்பை மறுநாள் புதிய குழம்பில் ஊற்றுவது இரண்டையும் கெடுக்கும்.

கை

ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கினுள் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி குடியிருக்கிறது. விரலில் உள்ள வெட்டுக்காயத்திலும் சீழ்க்கொப்புளத்திலும் அது ஏராளம். வெந்த உணவைக் கையால் பிசையும்போதும், அவித்த முட்டையை உரிக்கும்போதும் உணவுக்குள் இறங்குகிறது. அதன் நஞ்சு அரை மணி நேரக் கொதிப்பையும் தாங்கும்.

டைபாய்டு தரும் சால்மோனெல்லா டைஃபி மனிதரிடம் மட்டுமே வாழ்கிறது. நோய் தீர்ந்த பிறகும் நூற்றில் சிலருடைய பித்தப்பையில் அது தங்கிவிடும். அவர்களுக்கு எந்த நோவும் இருக்காது. ஆனால் அவர்கள் சமைப்பதை உண்பவருக்கு நோய் வரும். நியூயார்க்கில் சமையல் வேலை செய்த மேரி மாலன் இப்படிக் கிருமி சுமந்தவர் என்று 1907 இல் கண்டறியப்பட்டது இத்துறையில் பெரிய திருப்பம். உணவு கையாள்பவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் இந்திய விதிகளில் இடம்பெற்றதன் காரணம் இதுவே.

கை கழுவாததற்குக் கடைக்காரரைக் குறை சொல்வது எளிது. காலை முதல் இரவு வரை ஒரே இடத்தில் நிற்கும் பெண்ணுக்கு அருகில் கழிப்பறை இல்லை. கழிப்பறை இருந்தாலும் அங்கே சோப்பும் நீரும் இல்லை. சில்லறை வாங்குவது, அடுப்பைத் தள்ளுவது, பரிமாறுவது எல்லாம் அதே இரண்டு கைகளால்தான். பணம் வாங்க வீட்டில் ஒருவர் உதவிக்கு வந்தாலே பாதி ஆபத்து குறைகிறது. கைபேசியில் பணம் செலுத்தும் முறை பரவியதும் இந்த வகையில் நன்மையே.

மீனும் ஐஸும்

கடல்நீரிலேயே வாழும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் மீன், இறால், நண்டு, கடம்பா ஆகியவற்றோடு கரைக்கு வருகிறது. 1950 இல் ஜப்பானின் ஒசாகாவில் நெத்திலிக் குஞ்சுக் கருவாட்டால் 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது இக்கிருமி முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது. நன்றாகப் பொரித்தால் இது உடனே சாகும். பொரித்த மீனை, மசாலா தடவிய பச்சை மீன் இருந்த அதே தட்டில் எடுத்து வைக்கும்போதுதான் திரும்ப ஏறிக்கொள்கிறது. பச்சைக்கு ஒரு தட்டு, வெந்ததற்கு ஒரு தட்டு என்பது செலவில்லாத காப்பு.

கானாங்கத்தை, சூரை போன்ற மீன்களில் வேறொரு ஆபத்து. வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அவற்றின் தசையிலுள்ள ஒரு புரதக்கூற்றை ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளாக ஆக்கிவிடுகின்றன. சாப்பிட்ட சில நிமிடங்களில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடல் தடிக்கும். ஹிஸ்டமினை எந்த எண்ணெய்ச் சூடும் அழிக்காது. படகில் பிடித்த நேரத்திலிருந்து மீன் இடைவிடாமல் ஐஸில் இருப்பது ஒன்றே வழி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடும் கோடையான அந்நாட்களில் வெளியூரிலிருந்தும் குளிர்கிடங்கிலிருந்தும் வரும் மீன் அதிகம் விற்பதால், அப்போது கூடுதல் கவனம் தேவை.

மீனுக்கு உடைக்கும் கட்டி ஐஸ் குடிக்கும் நீரில் செய்யப்படுவதல்ல. அது சர்பத்திலும் கரும்புச் சாற்றிலும் போய்விடக் கூடாது. குளிர் கிருமியைக் கொல்லாது, உறங்கத்தான் வைக்கும். டம்ளரில் கரைந்ததும் விழித்துக்கொள்ளும். உண்பதற்கல்லாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று 2018 இல் மகாராஷ்டிரம் உத்தரவிட்டது. மீன் ஐஸும் சர்பத் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் காசிமேடு போன்ற இடத்துக்கு அது மிகவும் பொருத்தமான ஏற்பாடு.

முட்டை, மயோனைஸ், ஷவர்மா

புதிதாக வந்த உணவுகள் புதிய ஆபத்துகளையும் கொண்டுவந்தன. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். அதே கடையில் உண்டு நோயுற்றவர்களிடம் ஷிகெல்லா கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஷவர்மா உண்டபின் உயிரிழந்தார். சுழலும் கம்பியில் வெளிப்புறம் மட்டும் வெந்து, உட்புறம் பச்சையாக இருக்கும் கோழிக்கறியும், வேகாத முட்டையில் அடித்த மயோனைஸும் சேர்ந்தால் சால்மோனெல்லாவுக்கு இருபக்கமும் வாசல் திறந்ததாகும். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது.

தம்மைத் தாமே காக்கும் உணவுகள்

இப்பகுதியின் பழைய உணவுகளில் பல இயல்பிலேயே பாதுகாப்பானவை. இட்லி மாவு புளிக்கும்போது அதன் அமிலத்தன்மை கூடுகிறது, பல நோய்க்கிருமிகள் அதில் தலையெடுப்பதில்லை. பிறகு ஆவியில் வெந்து சுடச்சுட வருகிறது. பஜ்ஜியும் வடையும் கொதிக்கும் எண்ணெயிலிருந்து நேரே கைக்கு வருகின்றன. இட்லியால் வரும் நோய் பெரும்பாலும் சட்னியால் வருவதே.

பர்மாவில் 1962 இல் இராணுவ ஆட்சி வந்தபின் திரும்பிய தமிழர்கள் சென்னையில் குடியேறி, பர்மா பஜாரிலும் வடசென்னைத் தெருக்களிலும் நிலைநிறுத்திய அத்தோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வேகவைத்த நூடுல்ஸோடு முட்டைகோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வடை, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் சேர்த்து ஒரு கிண்ணத்தில் கையால் பிசைகிறார்கள். புளியின் அமிலம் கிருமிக்கு ஓரளவு தடை. உடன் தரும் வாழைத்தண்டுச் சாறு கொதித்துக்கொண்டே இருப்பது. ஆனால் நூடுல்ஸ் வெந்து பல மணி நேரம் ஆகியிருந்தாலோ, கோஸை நல்ல நீரில் அலசாவிட்டாலோ, பிசையும் கை சுத்தமில்லாவிட்டாலோ அந்தத் தடை போதாது. கூழும் அப்படியே. இரவெல்லாம் புளித்த கேழ்வரகு காப்போடு வருகிறது; கரைக்கும் நீரும் கையும் அந்தக் காப்பை உடைக்கின்றன.

சட்டமும் குழாயும்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006 இல் வந்தது; விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்வரை உள்ள சிறு கடைக்கு உரிமம் தேவையில்லை, பதிவுச் சான்று போதும் என்று அந்த விதிகள் வகுத்தன. குடிக்கத்தக்க நீர், மூடிய பாத்திரம், மூடிய குப்பைத்தொட்டி, வெட்டிய நகம், நோயுற்றவரை வேலையில் வைக்காமை ஆகியவை அச்சட்டத்தின் அடிப்படை விதிகள். 2014 இன் தெரு வியாபாரிகள் சட்டம் மறுபக்கத்தைப் பார்க்கிறது: பிழைப்புக்குப் பாதுகாப்பு, விற்பனைச் சான்று, வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இடம்பெறும் நகர விற்பனைக் குழு.

இரண்டு சட்டங்களும் சேர்ந்து வேலை செய்தால்தான் தட்டில் இருக்கும் உணவு மாறும். விரட்டப்படும் கடை மூடப்படுவதில்லை, இன்னும் இருட்டான, நீர் கிடைக்காத மூலைக்குப் போகிறது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010 இல் தொடங்கப்பட்ட மீஞ்சூர் ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் உருவாக்கும் திறனோடு அமைக்கப்பட்டது. இவ்வளவு பெரிய ஆலையை அமைக்க முடிந்த வட்டாரத்தில், கடைகள் கூடும் இடத்துக்கு ஒரு குளோரின் கலந்த குழாயும், கழிவுநீர் போக ஒரு வாயும், சோப்போடு ஒரு கழிப்பறையும் வைக்க முடியாது என்பது ஏற்கத்தக்கதல்ல.

கடையில் செய்யக்கூடியவை

தட்டு கழுவ மூன்று பக்கெட் வேண்டும்: முதலாவதில் சோப்பு நீர், இரண்டாவதில் நல்ல நீர், மூன்றாவதில் குளோரின் நீர். 33 சதவீதம் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 1.5 கிராம், 10 லிட்டர் நீருக்குப் போதும். தட்டு அதில் சில நிமிடம் மூழ்கியபின் துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர்த்த வேண்டும். அழுக்குத் துணி கழுவிய தட்டைத் திரும்பக் கெடுக்கும். குடிநீருக்குக் குழாய் வைத்த மூடிய கேன் இருந்தால் யாருடைய கையும் நீரில் படாது. 2020 இல் 10,000 ரூபாய் முதல் கடனாகத் தொடங்கிய, தெரு வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டம் இத்தகைய பொருட்களுக்கு உதவக்கூடியது.

உண்பவர் பார்க்க வேண்டியது: உணவிலிருந்து ஆவி வருகிறதா, தட்டு எந்த நீரில் கழுவப்படுகிறது, பணம் வாங்கும் கையும் பரிமாறும் கையும் ஒன்றா. கூட்டம் உள்ள கடையில் உணவு தேங்குவதில்லை. அதுவும் நல்ல அறிகுறி. வாந்தி பேதி வந்தால் முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். 1971 இல் வங்கதேச அகதிகளுக்கான முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது இதைக்கொண்டுதான். பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தையின் கண் குழிவிழுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவு வழி நோயால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 60 கோடிப் பேர் பாதிக்கப்படுவதாகவும், 4,20,000 பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கப்பலும் ஆலையும் படகும் ஓடுவதற்கு உழைக்கும் வடசென்னை மக்கள், குறைந்த விலையில் கிடைக்கும் உணவு என்பதற்காக நோயையும் சேர்த்து விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கடைக்காரர் சூட்டையும் நேரத்தையும் காக்கட்டும். மாநகராட்சி நீரைக் கொடுக்கட்டும். உண்பவர் கேட்டு வாங்கட்டும். இந்த மூன்றில் முதலில் நடக்க வேண்டியது நீர் கொடுப்பது.